பெரிய ஓவனும் ஒரு சிறிய கணக்கும்

கடலோர ஊர்களில் உள்ள நம் வீடுகளில் எந்தப் பொருளும் வெறும் பொருளாக இருப்பதில்லை. கூடத்துச் சுவர்க் கடிகாரம், ஒருவர் சபரில் கழித்த எட்டு ஆண்டுகளைச் சொல்லும். அலமாரியில் மடித்து வைத்த கம்பளிப் போர்வையும், காலியாகிப் போன அத்தர்க் குப்பியும் ஒரு பிரிவையும் ஒரு வருகையையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே, நம் இல்லங்களிலிருந்து ஒரு பழைய பொருளை வெளியேற்றுவது, கடையில் புதிதாக ஒன்றை வாங்குவதைவிடக் கடினமான காரியம். சமையலறையில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது பற்றி எழுத வந்தவள் எதற்காக இதைச் சொல்கிறாள் என்று சகோதரிகள் கேட்கலாம். மின்சாரக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எளிது. அக்கணக்கின் விடையை வீட்டில் நடைமுறைப்படுத்துவதே அரிது. எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஓவனை மர்ஹூம் வாப்பா அவர்கள் 1996இல் துபாயிலிருந்து கொண்டு வந்தார்கள். அறுபது லிட்டர் கொள்ளளவு. நான்கு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். பின்புறத் தகட்டில் 2400 வாட் என்று பொறித்திருக்கும். அதற்கென்றே சமையலறைக்குத் தனி வயர் இழுத்துப் பெரிய பிளக் பொருத்தினார்கள். அதற்கு முன்பு உம்மா கேக் சுட்டதெல்லாம் இரட்டை நெருப்பில்தான். அகன்ற சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடியின்மேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போடுவார்கள். தணல் மிகுந்தால் மேற்புறம் கருகும். குறைந்தால் நடுப்பகுதி வேகாது. ஓவன் வந்த பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. பெருநாளுக்கு முந்திய இரவுகளில் அண்டை வீட்டார் தத்தம் தட்டுகளை ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். உம்மா எவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்மக்களுக்கே உரியது. மணமான பின்பும் பெண்கள் தாய்வீட்டிலேயே குடும்பம் நடத்துவார்கள். அந்த வழக்கப்படி உம்மா, ராத்தா, நான், எங்கள் பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம். மின்சார மீட்டரும் ஒன்றுதான். மச்சான் 2015இல் வஃபாத்தானார்கள். அதன்பின் ராத்தா எவரிடமும் கை நீட்டவில்லை. வாப்பாவின் ஓவனைக் கொண்டே கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதிலிருந்தே போயிற்று.

2023ஆம் ஆண்டின் நடுவில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். ராத்தா சிறிய ஆர்டர்களை மறுக்கத் தொடங்கியிருந்தார்கள். என்னிடம் ஓதும் சிறுமி ஒருத்தி குர்ஆனை முதன்முறையாக ஓதி முடித்திருந்தாள். அவளுடைய தாய், உடன் ஓதும் பிள்ளைகளுக்குப் பங்கிட அரைக் கிலோ கேக் கேட்டு வந்தார். வீடு வீடாகச் சென்று வேலை செய்பவர் அவர். “அரைக் கிலோ இப்போது செய்வதில்லை, ஒரு கிலோ என்றால் தருகிறேன்” என்று ராத்தா சொல்லிவிட்டார்கள். வந்தவர் எதுவும் பேசாமல் திரும்பிப் போனார்.

காரணத்தைக் கேட்டபோது ராத்தா சொன்ன பதில் எனக்கு வலித்தது. “அரைக் கிலோவுக்கு அவ்வளவு பெரிய பெட்டியை எரிய விட வேண்டியிருக்கு. உன் மாப்பிள்ளை கட்டுற கரண்டு காசுல நான் லாபம் பார்க்கக் கூடாதும்மா.”

என் கணவர் ஒரு நாளும் அப்படி நினைத்தவரல்லர். ஆனால், இல்லாத மனத்தாங்கலையும் எண்ணி நடுங்குவது, பிறர் நிழலில் வாழ நேர்ந்த மானமுள்ள பெண்ணின் இயல்பு. “பரவாயில்லை, செய்யுங்கள்” என்று வாய்வார்த்தை சொல்லி அந்த நடுக்கத்தைப் போக்க முடியாது. கணக்கால்தான் முடியும் என்று எனக்குத் தோன்றியது. பொருளாதாரத்தில் பட்டம் பெற்ற எனக்குக் கணக்கின்மீது ஒரு நம்பிக்கை உண்டு.

மீட்டர் சொன்ன செய்தி

மறுநாள் ராத்தா ஒரு கேக் செய்தபோது, வீட்டில் குளிர்பதனப் பெட்டி உட்பட மற்ற அனைத்தையும் நிறுத்திவிட்டு, மீட்டரின் எண்ணை முன்னும் பின்னும் குறித்தேன். முன்சூடு கால் மணி நேரம், வேகும் நேரம் முக்கால் மணி. மொத்தம் ஒன்றரை யூனிட் ஓடியிருந்தது. பிறகு, தோழி ஒருத்தியின் வீட்டிலிருந்து 20 லிட்டர் கொள்ளளவும் 1200 வாட் திறனும் கொண்ட சிறிய ஓவனை இரவல் வாங்கி, அதே அளவு மாவை அதில் வைத்தோம். 0.6 யூனிட்டில் வேலை முடிந்தது.

ஏன் இவ்வளவு வேறுபாடு? எங்கள் மதரஸாவில் பள்ளிப் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியை விளக்கினார். ஒரு கிலோ மாவுக் கலவையை வேகும் சூட்டுக்கு உயர்த்தி, அதிலுள்ள நீரில் ஒரு பகுதியை ஆவியாக்க உண்மையில் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 0.1 யூனிட்தான். எஞ்சியதெல்லாம் பெட்டியின் எஃகுச் சுவர்களையும் தட்டுகளையும் சூடாக்கி, பிறகு சமையலறைக் காற்றில் கலந்துவிடுகிறது. பெட்டி பெரிதாக இருந்தால் சூடேற வேண்டிய இரும்பும் அதிகம். வெப்பம் வெளியேறும் பரப்பும் அதிகம். கதவின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். எங்கள் ஓவனில் அது நன்றாகவே தேய்ந்திருந்தது.

இனிக் கட்டணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2016இல் அதில் முதல் நூறு யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதற்கு மேல் பயன்பாடு உயர உயர, யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதலான யூனிட்டுகளுக்கு விலை ஏறுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகையில் ஒரு பகுதியும் போய்விடும். ஆகவே 490க்கும் 510க்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் இருபது யூனிட்டின் விலையன்று.

எங்கள் வீட்டுக் கணக்கு 524இல் நின்றிருந்தது. ராத்தா மாதம் இருபது கேக் செய்தால் இரண்டு மாதத்தில் நாற்பது. பழைய ஓவனில் அறுபது யூனிட். சிறியதில் இருபத்து நான்கு. மிச்சம் முப்பத்தாறு. 524 என்பது 488 ஆகிவிடும். பணமாகப் பார்த்தால் இது மலையளவு தொகையன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறிய ஓவனின் விலையை அது ஈடுகட்டச் சில ஆண்டுகள் ஆகும். ஆனால், ஒரு கேக்குக்கான மின்செலவு இவ்வளவுதான் என்று காகிதத்தில் எழுதிக் காட்டிய அன்று, ராத்தாவின் முகம் தெளிந்தது. கேக்கின் விலையிலேயே அதைச் சேர்த்து, மாதக் கடைசியில் கணக்கோடு என்னிடம் தருவது என்று முடிவாயிற்று. நான் வேண்டாமென்று மறுக்கவில்லை. அதைப் பெற்றுக்கொள்வதே அவர்களுக்கு நான் செய்யும் மரியாதை.

உம்மாவின் சொல்

கணக்கு முடிந்தது, கடினமான பகுதி இனிமேல்தான். பழைய ஓவனை என்ன செய்வது? இரண்டையும் வைத்துக்கொள்ள எங்கள் சமையலறையில் இடமில்லை. பேச்சை எடுத்தவுடன் உம்மாவின் முகம் மாறியது.

“உங்க வாப்பா இதுக்காக ஒரு வருஷம் ஊருக்கு வராம இருந்தாங்க. பயணக் காசை மிச்சம் பிடிச்சுத்தான் இதை வாங்குனாங்க. அது உங்க கணக்குல எத்தனை யூனிட்டு?”

அதற்கு எங்களிடம் விடையில்லை. அன்று பேச்சை நிறுத்திக்கொண்டோம். வயதானவர்களின் மறுப்பைப் பழமைப் பிடிவாதம் என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். உம்மா மறுத்தது சிக்கனத்தை அல்ல. தம் வாழ்நாளில் விளக்குத் திரியைக்கூடத் தேவைக்கு மேல் தூண்டாதவர் அவர். ஒரு மனிதரின் உழைப்பு, பழைய இரும்புக் கடைத் தராசில் கிலோக் கணக்கில் நிறுக்கப்படுவதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து உம்மாவே பேச்சைத் தொடங்கினார்கள். “வாப்பா இதை வாங்கினது பலரும் சாப்பிடத்தான். நாலு தட்டும் நிறையற இடத்துக்குக் கொடுப்பீங்களா?”

உம்மா சொன்னதில் அறிவியலும் இருந்தது. பெரிய ஓவன் தன்னளவில் வீணானதன்று. காலியாக எரியும்போதுதான் அது வீண். நான்கு தட்டுகளும் நிறைந்திருந்தால் ஒரு ரொட்டிக்கு விழும் மின்செலவு சிறிய ஓவனைவிடக் குறைவாகவே இருக்கும். மொரோக்கோ நாட்டின் ஃபெஸ், மராகேஷ் போன்ற பழைய நகரங்களில், பெண்கள் வீட்டில் மாவைப் பிசைந்து, தெருவுக்குப் பொதுவான ‘ஃபர்ரான்’ என்னும் அடுப்புக்கு அனுப்பிச் சுட்டு வாங்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஒரு முறை மூட்டிய நெருப்பில் ஒரு தெருவின் ரொட்டி முழுவதும் வெந்துவிடும். வீட்டுக்கு ஒன்றாகப் பத்து அடுப்புகள் எரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

அவ்வாறே வாப்பாவின் ஓவன், எண்பது பெண் பிள்ளைகள் தங்கிப் பயிலும் ஒரு விடுதிக்குச் சென்றது. கொடுப்பதற்கு முன் மின்பணியாளரை அழைத்து, வெப்பக் கம்பியையும் கதவு ரப்பரையும் புதிதாக மாற்றினோம். பெருநாள் காலங்களில் பெரிய ஆர்டர் வந்தால் ராத்தா அங்கே சென்று, ஓடிய யூனிட்டுக்குப் பணம் கட்டிவிட்டுச் செய்து வருகிறார்கள். உடன் நிற்கும் பிள்ளைகளும் கைத்தொழிலைக் கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அகலமான திருமணக் கேக்குகள் சிறிய ஓவனில் நுழைவதில்லை. அந்த ஆர்டர்களில் சில கைவிட்டுப் போயின. ஓவன் இருந்த மூலையில் உம்மா வேறு எதையும் வைக்க விடவில்லை. சிறிய ஓவனில் வெந்ததைத் தின்றுவிட்டு, “மேல்தோல் அந்தப் பக்குவம் இல்லை” என்பார்கள். அது உண்மையும்கூட. சிறிய பெட்டியில் மேற்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால் மேற்புறம் விரைவில் சிவந்துவிடுகிறது. தட்டைக் கீழ்ப்படிக்கு இறக்கி, சூட்டைப் பத்து டிகிரி குறைத்து வைக்கப் பழகிய பிறகே ராத்தாவுக்குக் கை கூடியது.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

ஓவன் ஒன்றே செய்துவந்த வேலைகளை இப்போது சில சிறிய கருவிகள் பகிர்ந்துகொள்கின்றன. எங்கள் அனுபவத்தைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பிரஷர் குக்கர். அதனுள் நீராவியின் அழுத்தத்தால் வெப்பம் சுமார் 121 டிகிரி வரை ஏறுகிறது. திறந்த பாத்திரத்தில் நீர் நூறு டிகிரிக்கு மேல் சூடாகாது. அந்த இருபது டிகிரிதான் நெடுநேரம் வேகும் இறைச்சியைக் குறைந்த நேரத்தில் மென்மையாக்குகிறது. வட்டிலப்பத்தை ஓவனில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் புகுந்திருக்கிறது. அது ஆவியில் வேக வேண்டிய பண்டம். குண்டு போடாத குக்கரே அதற்குப் போதும்.

இரண்டாவது, தெர்மல் குக்கர். கொதித்த பாத்திரத்தை, வெப்பம் வெளியேறாத மற்றொரு பாத்திரத்துக்குள் இறக்கி மூடிவிடும் முறை இது. புதுமையன்று. 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் நார்வே நாட்டார் இத்தகைய பெட்டியைக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் தட்டுப்பாட்டில் இங்கிலாந்தின் பெண்கள் வைக்கோல் நிரப்பிய பெட்டிகளில் சமைத்தார்கள். நோன்புக் கஞ்சிக்கு இதைவிட ஏற்றதில்லை. அஸருக்கு முன் கால் மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு உள்ளே வைத்தால், இஃப்தார் வேளைக்குக் குழைந்து ஆவி பறக்கும். ஆனால் பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் சூடு நிற்காது. இறைச்சி சேர்ந்த உணவு வெதுவெதுப்பாகிவிட்டால் அப்படியே பரிமாறக் கூடாது. அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கிய சூட்டில் கிருமிகள் பெருகும். அதற்கு முன்பே உண்டுவிட வேண்டும், அல்லது குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஏர் ஃபிரையர். ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் இதை அறிமுகப்படுத்திய பின் பல நிறுவனங்கள் செய்கின்றன. பெயரைக் கேட்டு இது எண்ணெய்ச் சட்டிக்கு மாற்று என்று எண்ண வேண்டாம். உள்ளே இருப்பது சிறிய ஓவனும் ஒரு விசிறியும்தான். சூடான காற்று வேகமாகச் சுழல்வதால் பண்டம் விரைவில் மொறுமொறுக்கும். எண்ணெய் தடவிய சமோசாவும் மசாலா பூசிய கோழித்துண்டும் நன்றாக வருகின்றன. வாடா போல மாவுக் கலவையாக ஊற்றிப் பொரிப்பவை இதில் ஆகா. நான்கு பேருக்கு ஏற்ற கூடையில் பத்துப் பேருக்குச் சமைக்க முயன்று நான்கு முறை ஓட்டினால் சிக்கனம் பறந்துவிடும்.

நான்காவது, மைக்ரோவேவ். 1945ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர் ராடார் கருவி ஆய்வினூடே கண்டறிந்த முறை இது. பெட்டியைச் சூடாக்காமல், உணவிலுள்ள நீரையே நேராகச் சூடாக்குகிறது. ஆறிய சோற்றைச் சூடாக்க இதைவிடச் சிக்கனமான வழி குறைவு. ஆனால் நீர் இருக்கும் வரை உணவு நூறு டிகிரியைத் தாண்டாது. ரொட்டியும் கேக்கும் சிவந்து மணப்பதற்கு அதைவிட உயர்ந்த சூடு தேவை. அந்தச் சிவப்பு தோன்றும் வேதிவினையைப் பிரெஞ்சு அறிஞர் மயார் 1912இல் விளக்கினார். ஆகவே சாதாரண மைக்ரோவேவில் கேக் வேகும், சிவக்காது.

இந்த நான்கையும் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் புதிதாக வாங்கியவை சிறிய ஓவனும் தெர்மல் குக்கரும் மட்டுமே. மற்றவை உறவினர் வீடுகளில் பார்த்தும் பழகியும் அறிந்தவை. ஒரு பெரிய பெட்டியை அகற்றிவிட்டு ஐந்து சிறிய பெட்டிகளை வாங்கி அடுக்குவது சிக்கனமன்று. வீண்விரயத்தின் வேறொரு வடிவம். ஒரு வாரம் உங்கள் சமையலை எழுதிப் பாருங்கள். எது அடிக்கடி நடக்கிறதோ அதற்கான கருவியை மட்டும் வாங்குங்கள்.

வாங்கும்போது சில எச்சரிக்கைகள். பின்புறத் தகட்டில் வாட் எண்ணைப் பாருங்கள். அதை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்பது தெரியும். 1500 வாட் கருவிக்கு ஆறரை ஆம்பியர் ஆகும். சுவரிலுள்ள சிறிய பிளக் ஆறு ஆம்பியருக்கானது. எனவே பெரிய 16 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே மாட்ட வேண்டும். நீட்டிப்பு வயரில் மாட்டவே கூடாது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2006 முதல் மின்கருவிகளுக்கு நட்சத்திர முத்திரை வழங்கிவருகிறது. எந்தக் கருவிக்கு அந்த முத்திரை உண்டோ, அதில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பழுதான மின்கருவியைக் குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். ஓடும் நிலையில் இருந்தால், அது நிறைந்து எரியும் ஓரிடத்தைத் தேடுங்கள்.

வீட்டுச் சிக்கனம் என்றால் பிள்ளைகளின் தட்டில் குறைப்பதும், விருந்தினர் முன் கை இறுகுவதும் அல்ல. எங்கே ஒன்றுக்கும் பயன்படாமல் சூடு வெளியேறுகிறதோ, அந்த வாயிலைக் கண்டறிந்து அடைப்பதே சிக்கனம். அப்படி அடைத்தபோது எங்கள் வீட்டில் மிஞ்சியது முப்பத்தாறு யூனிட் மட்டுமன்று. ராத்தாவின் விலைப்பட்டியலில் அரைக் கிலோ கேக் மீண்டும் முதல் வரியில் இடம்பெற்றுவிட்டது. ஓதி முடித்த பிள்ளையின் தாய் எவரும் இப்போது வெறுங்கையுடன் திரும்புவதில்லை. அல்ஹம்து லில்லாஹ்.